சர்க்கரை காணாமல் போகும் வயது

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டு, நான்கு வயதுக் குழந்தையிடம் "சர்க்கரை எங்கே?" என்று கேளுங்கள். "போயிடுச்சு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். குடித்துப் பார்க்கச் சொன்னால், இனிக்கிறது என்று ஒப்புக்கொள்ளும். அப்போதும் சர்க்கரை இல்லை, இனிப்பு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்று அடித்துச் சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டருடன் சேர்ந்து இந்தச் சோதனையைக் குழந்தைகளிடம் செய்து பார்த்து 1941-ல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் போன பொருளும் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் ஏழு, எட்டு வயது வாக்கில்தான் ஊன்றுகிறது. அதற்கு எடை உண்டு என்பது ஒன்பது, பத்தில். அது இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது பதினொன்று, பன்னிரண்டில். வயது குழந்தைக்குக் குழந்தை முன்பின் ஆகலாம். வரிசை அநேகமாக மாறுவதில்லை.

குப்பையைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்தத் தம்ளரைப் பார்த்துவிடுவது நல்லது. தொட்டியில் விழுந்த பிஸ்கட் கவர் அந்த வயதுக் கணக்கில் முடிந்துபோன விஷயம். இல்லாத ஒன்றை எதற்கு இரண்டாகப் பிரிக்க வேண்டும்? பிரிக்கச் சொல்வதற்கு முன்னால், அது எங்கேயோ இருக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும்.

எங்கே இருக்கிறது என்பதற்கு ஊர்ப்பெயரோடு பதில் உண்டு. சென்னை வீடுகளின் குப்பை பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. கோவைக்கு வெள்ளலூர், மதுரைக்கு வெள்ளைக்கல். சென்னை மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையை வெளியே தள்ளுகிறது. பெருங்குடிக் கிடங்கு வளர்ந்ததே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான். அதே சதுப்பு நிலம்தான் 2022-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குப்பை மேட்டின் அடியில் காற்றுப் படாமல் புதைந்த சோறும் காய்கறித் தோலும் அழுகி மீத்தேன் ஆகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. கிடங்குகள் தீப்பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இத்தனையையும் நான்கு வயதில் கொட்ட வேண்டியதில்லை. பனிக்கரடி, மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிய ஆமை, எரியும் காடு என்று படம் காட்டி அந்த வயதுக் குழந்தையை அழவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1996-லேயே இதைப் பற்றி எழுதினார்: இயற்கையோடு பழகும் முன்பே அதன் அழிவைக் காட்டினால், குழந்தை பயந்து விலகத்தான் பார்க்கும். "குப்பை வண்டி எங்கே போகுது?" என்று கேட்டால், "வெள்ளலூருக்குப் போகுது, நேத்து நீ தின்ன பிஸ்கட்டோட கவர் இன்னும் அங்கேதான் கிடக்கு" என்பது போதும்.

பள்ளிகளில் பாடம் இல்லாமல் இல்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவிட்டது. பாடம் வந்தது, பின்னாலேயே தேர்வும் வந்தது. 'மக்கும் குப்பைக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக.' வாழைப்பழத் தோல், காகிதம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, இடைவேளையில் வாழைப்பழத் தோலையும் சாக்லேட் உறையையும் ஒரே தொட்டியில் போட்டுவிட்டு விளையாடப் போகிறது. இதைச் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் இன்னொரு சோதனையையும் பார்த்துவிடலாம்.

1990-களில் கனடாவில் ஃபிலிப் ஸெலாஸோவும் அவருடைய குழுவினரும் சிறு குழந்தைகளிடம் சீட்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சிவப்பிலும் நீலத்திலும் முயல்களும் படகுகளும் வரைந்த சீட்டுகள். முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் சிரமமில்லாமல் செய்தார்கள். பிறகு விளையாட்டு மாறியது: இனி நிறம் வேண்டாம், உருவத்தை வைத்துப் பிரி. மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் தொடர்ந்து நிறத்தை வைத்தே பிரித்தார்கள். வியப்பு அதில் இல்லை. "இப்போ முயலெல்லாம் எங்கே போகணும்?" என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டினார்கள், சீட்டைக் கையில் கொடுத்ததும் பழைய பெட்டியில் போட்டார்கள். விதி வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை. ஐந்து வயதில் பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். (அடுக்குமாடிக் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகளைத் திறந்து பார்த்தால் சிலர் ஐம்பது வயதிலும் தாண்டவில்லை என்று தெரியும்.)

குப்பை பிரிப்பது சீட்டு விளையாட்டைவிடக் கடினம். விதிக்குள் விதி இருக்கிறது. செய்தித்தாள் உலர்ந்த குப்பை. அதே செய்தித்தாளில் பஜ்ஜியைப் பிழிந்து எண்ணெய் ஊறிவிட்டால் அது மக்கும் குப்பையோடு போக வேண்டும். ஏனென்றால், எண்ணெய் ஏறிய தாளைக் காகித ஆலையில் கூழாக்கினால் எண்ணெய் நாரோடு ஒட்டிக்கொண்டு மொத்தக் கூழையும் கெடுக்கும். பால் கவர் கழுவிக் காயவைத்தால் காசு, கழுவாமல் விட்டால் நாற்றம். பொருள் ஒன்று, இடம் இரண்டு. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னது பெரியவர்களுக்குத்தான். நான்கு வயதுக்கு ஒரே கேள்வி போதும்: தொட்டால் பிசுபிசுக்கிறதா, காய்ந்திருக்கிறதா? அது விரல் நுனியில் விடை கிடைக்கும் கேள்வி. தொட்டியின் நிறத்தை மனப்பாடம் செய்யவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஐந்து, ஆறு வயது ஆகிவிட்டால் உண்மையான வேடிக்கையைத் தொடங்கலாம். ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பாட்டிலைப் பெரியவர் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுக்கட்டும். அதன் மூடி, ஷாம்பு பாட்டில் துண்டு, பால் கவர் துண்டு, உடைந்த பேனாவின் ஒளி ஊடுருவும் குழாய் இவ்வளவும் போதும். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் அழுத்தி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். பாட்டில் துண்டு மூழ்கும். அந்தப் பாட்டிலின் மூடி மிதக்கும்.

பார்த்தால் இரண்டும் பிளாஸ்டிக்தான். ஆனால் பாட்டில் பெட் என்ற பாலியெஸ்டர் வகை. ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.38 கிராம் இருக்கும். மூடி பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோ, 0.90 முதல் 0.96 வரை. தண்ணீர் 1. ஷாம்பு பாட்டிலும் பால் கவரும் பெரும்பாலும் பாலிஎத்திலீன், அவையும் மிதக்கும். பேனாக் குழாய் பல நிறுவனங்களில் பாலிஸ்டைரீன், 1.05, மெதுவாக மூழ்கும். இப்போது வாளியில் உப்பைக் கை கையாக அள்ளிப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். பேனாக் குழாய் மேலே வரும், பாட்டில் துண்டு அடியிலேயே கிடக்கும். ஆறு வயதுக் கண்களுக்கு இது மந்திரம். பாட்டில்களை அரைத்துத் துகளாக்கும் மறுசுழற்சி ஆலைகளிலும் இதே தொட்டிதான்: மூடித் துகள் மேலே, பாட்டில் துகள் கீழே. குழந்தை விளையாடுவது ஆலையின் ஒரு பிரிவை.

அப்படியே பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். அம்புக்குறி முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், 2 கடினப் பாலிஎத்திலீன், 4 மென்பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் 1988-ல் கொண்டுவந்த குறியீடு இது. சமையலறை முழுக்க எண் தேடும் வேட்டைக்குக் குழந்தைகளை அனுப்பலாம். ஒரு பிற்பகல் போவதே தெரியாது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். முக்கோணம் இருப்பதால் அந்தப் பொருள் மறுசுழற்சி ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் அது சொல்கிறது. அம்புக்குறியை நம்பிப் பெரியவர்களே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏமாந்திருக்கிறார்கள்.

பூந்தொட்டிச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. ஈர மண்ணில் வாழைப்பழத் தோல், செய்தித்தாள் துண்டு, பால் கவர் துண்டு மூன்றையும் தனித்தனி இடத்தில் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தோண்டலாம் என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மாதம் என்பது அடுத்த யுகம். வாரம் ஒருமுறை தோண்டவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தோல் முதல் வாரமே கறுத்துக் குழையும், சில வாரங்களில் இருந்த இடம் தெரியாது. தாள் நைந்து பிய்யும். பால் கவர் கழுவினால் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும்.

தோலைத் தின்றது யார் என்ற கேள்வி வரும். பாக்டீரியாவும் பூஞ்சையும். அவை வாயால் தின்பதில்லை. நொதிகளைச் சுரந்து பொருளை வெளியிலேயே சிறு மூலக்கூறுகளாக வெட்டி உறிஞ்சிக்கொள்கின்றன. பாலிஎத்திலீனில் கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீள்கின்றன, இடையில் வேறொன்றும் இல்லை. நுனி கிடைக்காத நூல்கண்டு அது. எங்கே பிரிக்கத் தொடங்குவது என்று நொதிக்குப் பிடிபடுவதில்லை. பெட் பாட்டிலின் சங்கிலியில் இடையிடையே ஆக்சிஜன் சேர்ந்த கண்ணிகள் இருக்கின்றன. ஜப்பானின் சகாய் நகரில் பெட் மறுசுழற்சி நடக்கும் இடத்திலிருந்து எடுத்த மாதிரியில், அந்தக் கண்ணியை வெட்டத் தெரிந்த ஒரு பாக்டீரியா இருப்பதாக 2016-ல் அறிவித்தார்கள். மெல்லிய பெட் தாள் ஒன்றைத் தின்று தீர்க்க அதற்கு ஆறு வாரம் ஆனது. "பிளாஸ்டிக் தின்னும் பூச்சி வந்திருச்சாமே, இனிக் கவலையில்லை" என்று மாமா யாராவது சொன்னால், ஆறு வாரக் கணக்கைப் பிள்ளையே எடுத்துச் சொல்லும்.

தொட்டி பெரிதாகி வீட்டு உரமாக மாறினால் அதில் குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள்: சமையலறைக் கழிவு போடும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்த்தூள் தூவுவது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் கூடுதல், காய்ந்த இலையில் கார்பன் கூடுதல். இலை குறைந்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வரும். சரியாக இருந்தால், முதல் மழைக்கு எழும் மண்வாசனையே வரும். உரத்தின் அந்த வாசனைக்கும் மழைநாள் மண்வாசனைக்கும் காரணம் ஆக்டினோமைசீட்ஸ் வகைப் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஜியோஸ்மின். மூக்கை வைத்தே தேர்ச்சியா தோல்வியா என்று சொல்லிவிடக்கூடிய பாடம் வேறு எது?

வீட்டில் காகிதம் செய்வதும் எளிது: செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, மிக்சியில் அடித்து, சல்லடையில் பரப்பி, துணியால் ஒற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். பசை எதுவும் தேவையில்லை. தண்ணீர் ஆவியாகும்போது செல்லுலோஸ் நார்கள் நெருங்கி வந்து ஹைட்ரஜன் பிணைப்பால் தாமே ஒட்டிக்கொள்கின்றன. தாள் கரடுமுரடாக, சாம்பல் நிறத்தில் வரும். ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு முறைக்குப் பிறகு அது காகிதத்துக்கு உதவாது. மறுசுழற்சி முடிவில்லாத சக்கரம் இல்லை என்பதை இந்தக் கரடுமுரட்டுத் தாளைத் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் நம் வீடுகள் அறியாதவை அல்ல. பால் கவரைக் கழுவிச் சன்னல் கம்பியில் காயப்போட்டுச் சேர்த்துவைக்கும் பாட்டிகள் எந்தப் பாடமும் படிக்கவில்லை. பழைய பேப்பர்காரர் வரும்போது குழந்தையைக் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தித்தாளுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை, பால் கவருக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு மிக உயர்ந்த விலை. ஏன் என்று அவரிடமே கேட்கலாம். சுத்தமான, ஒரே வகைப் பொருளுக்குத்தான் காசு. அலுமினியத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு என்றால், பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும் பழையதை உருக்கிவிட. காந்தம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வேறு என்று குழந்தையே பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். பால் கவரை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டித்துவிடாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுவதும் இந்தக் கல்வியில் சேர்த்திதான். தனியே விழுந்த அந்தச் சிறு முக்கோணம் எந்தச் சாக்கிலும் நிற்காமல் நேராகச் சாக்கடைக்குத்தான் போகும்.

ஆனால் கத்தரியைப் பிடிக்கும் பெரியவரின் கை எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா ஹோர்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் பரிசு. அதைத் திறந்துகாட்டும் பெரியவர் தேவையே இல்லாமல் முதலில் பெட்டியின் மேல்பகுதியைக் குச்சியால் குத்துவார், பிறகு கதவைத் திறப்பார். பெட்டி உள்ளே தெரியாததாக இருந்தபோது குட்டிச் சிம்பன்சிகளும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். கண்ணாடிப் பெட்டியாக மாற்றி, குத்துவது வீண் என்று கண்ணுக்கே தெரியவைத்தபோது சிம்பன்சிகள் குத்துவதை விட்டுவிட்டன. குழந்தைகள் விடவில்லை. பெரியவர் செய்தால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது மனிதக் குட்டிக்கே உரிய குணம். பேருந்துச் சன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் பறந்தாலும் அதே நம்பிக்கையோடுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரியாகப் பிரித்தால் ஸ்டார் ஸ்டிக்கர் தரும் பழக்கத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பரிசில்லாமல் பேனாக்களை வைத்தபோது, அவர்கள் மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். பிரித்து அடுக்குவது சிறு குழந்தைக்குத் தானாகவே பிடித்த விளையாட்டு. அதற்குக் கூலி கொடுத்துக் கெடுப்பானேன்? பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டி வேறு வகை. அங்கே பழம் பொருளுக்கான விலை. பிள்ளையின் நல்ல நடத்தைக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளிகளில் நடக்கும் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டியையும் சொல்லாமல் விட முடியவில்லை. போட்டிக்கு முந்தைய இரவு அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். தெர்மாகோல், ஜிகினாத்தூள், பசை, பெயின்ட் எல்லாம் புதிதாக வாங்கி வருவார். அம்மா விடிய விடிய உட்கார்ந்து ஒரு தண்ணீர் பாட்டிலை மயிலாக மாற்றுவார். கழுவிப் போட்டிருந்தால் அந்தப் பாட்டில் நல்ல விலைக்குப் போயிருக்கும், இன்னொரு பொருளாகியிருக்கும். பெயின்டும் பசையும் ஜிகினாவும் ஏறிய பிறகு எந்தக் காயலான் கடையும் அதைத் தொடாது. ஜிகினாத்தூள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய பெட் தாளின் பொடிதான். உதிரும் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. மயிலுக்கு முதல் பரிசு கிடைக்கும், ஒரு வாரத்தில் அது கிடங்குக்குப் போகும். சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவியல் சொல்லித்தந்த அரவிந்த் குப்தாவின் பொம்மைகளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். அங்கே குப்பை கருவியாகிறது, பிரித்தெடுத்தால் மறுபடி தீக்குச்சியும் ட்யூபும்தான்.

கடைசியில் எல்லாக் குழந்தையும் சிப்ஸ் பாக்கெட்டிடம் வந்து நிற்கும். அதைக் கையில் கசக்கிவிட்டு விரலைத் திறக்கச் சொல்லுங்கள். காகிதமும் அலுமினியத் தாளும் கசங்கியபடியே இருக்கும். இது சரசரவென்று விரிந்துகொள்ளும். உள்ளே பளபளப்பது அலுமினியம்தான், ஆனால் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பூச்சு. அதன் இருபுறமும் பிளாஸ்டிக் அடுக்குகள், நடுவில் அச்சு மை. ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போகாமல் தடுக்கத்தான் இத்தனை அடுக்கு. சிப்ஸ் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பது இதனால்தான். இதே காரணத்தால் அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது, பேப்பர்காரரும் வாங்கமாட்டார். தமிழ்நாட்டில் இவற்றில் ஒரு பகுதி அரியலூர் போன்ற ஊர்களின் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. கொஞ்சம் சாலையில் தாரோடு கலக்கப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. மீதி கிடங்கில். 2015 வரை உலகில் குப்பையாகிப்போன பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது என்று 2017-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. "இதை எந்தத் தொட்டியில போடணும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நேர்மையான பதில், எதில் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான். இந்த இடத்தில் ஆசிரியர்கள் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மாற்றத் தேவையில்லை. "அப்போ ஏன் இப்படிச் செய்றாங்க?" என்று அடுத்த கேள்வி வரும், அது சரியான கேள்வி.

தூத்துக்குடியில் 2018-ல் ஒரு பள்ளியின் மாணவிகள் அந்தக் கேள்வியை உரிய முகவரிக்கே அனுப்பினார்கள். தாங்கள் தின்ற பிஸ்கட், வேஃபர் உறைகளை வீசாமல் சேர்த்தார்கள். 20,000-க்கு மேல் சேர்ந்தது. உறைகளை நிறத்தாலோ பொருளாலோ பிரிக்கவில்லை. செய்த நிறுவனத்தின் பெயரை வைத்துப் பிரித்து எண்ணி, மாநகராட்சியின் உதவியோடு அந்தந்த நிறுவனத்துக்கே அனுப்பிவைத்தார்கள். கூட ஒரு கடிதமும் போனது: தின்பண்டத்தின் சுவையும் தரமும் பிடித்திருக்கிறது, உறைதான் சரியில்லை, மாற்றுங்கள்.